பழைய பெருவழியும் புதிய சட்டமும்
(ஏற்காட்டில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம், பழங்காலத்துப் பெருவழிகளைத் தேசத்தின் பொதுச் சொத்தாகப் பாவித்துச் சட்டமூலம் காப்பாற்ற வேண்டுமா, வேண்டுமானால் எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்பதாகும். நாம் இதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று தெரிந்தவுடனே சில நண்பர்கள், "பழையதை எல்லாம் ஒழிக்க வேண்டும் என்று ஊர் ஊராய்ச் சொல்லித் திரிகிற உங்களுக்குப் பழைய ரோட்டின்மேல் மட்டும் என்ன திடீர்ப் பக்தி?" என்று கேட்டார்கள். கேட்டது நியாயந்தான். ஆகையால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மேலே போகிறோம்.

பழையது என்பதற்காக நாம் ஒன்றை வெறுப்பதில்லை. பழையது என்கிற ஒரே காரணத்திற்காக அதைக் கேள்வி கேட்காமல் கும்பிட வேண்டும் என்று சொல்வதைத்தான் நாம் மறுக்கிறோம். புராணம் நம்மிடம் "நம்பு, இல்லாவிட்டால் நரகம்" என்கிறது. பழைய வழியில் நட்டிருக்கும் கல்லோ "இன்ன ஊருக்கு இவ்வளவு தூரம், சந்தேகமிருந்தால் நடந்து பார்" என்கிறது. நடந்து பார்த்தால் மெய்யா பொய்யா என்பது காலுக்கே தெரிந்துவிடும். இப்படிச் சோதித்துப் பார்க்கக்கூடிய பழமையைக் காப்பாற்றுவதில் பகுத்தறிவுக்காரனுக்கு யாதொரு ஆட்சேபணையும் இருக்க நியாயமில்லை. அது மாத்திரமல்ல, அதைக் காப்பாற்ற வேண்டிய கவலை மற்றவர்களைவிட நமக்குத்தான் அதிகமாக இருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

நிற்க, பெருவழி என்பது என்ன? ஊருக்கும் ஊருக்கும் வண்டித்தடம் இருக்கும். வயலுக்குக் கால்தடம் இருக்கும். அவற்றைப் போலல்லாமல், பல நாடுகளைக் கடந்து, வியாபாரிகளும் சேனைகளும் பொதிமாடுகளும் போய்வர ஏற்பட்ட நீண்ட பாதைக்குத்தான் நம் முன்னோர் பெருவழி என்று பெயர் வைத்தார்கள். இது கதையில் வரும் சங்கதியல்ல. கல்லில் இருக்கிற சங்கதி. கோயமுத்தூருக்கு மேற்கே, பாலக்காட்டுக் கணவாய்க்குப் போகும் வழியில், பாறையில் ஒரு சாசனம் வெட்டியிருக்கிறது. இராசகேசரிப் பெருவழி என்று அந்த வழிக்குப் பெயர். தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலுமாக எழுதியிருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டுச் சோழன் ஆதித்தன் காலத்தியது என்று ஆராய்ச்சிக்காரர்கள் கூறுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? இந்தச் சேர்வராயன் மலைக்கு வடக்கேயும் கிழக்கேயும் பாருங்கள். வடக்கே தருமபுரிச் சீமையில் அதியமான் பெருவழி என்ற பெயர் பொறித்த மைல்கல் கிடைத்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாவற்றாவளம் என்னும் ஊருக்கு அங்கிருந்து 29 காதம் என்று அது தெரிவிக்கிறது. கிழக்கே நமது சேலம் ஜில்லாவிலேயே, ஆறகழூர் வட்டாரத்தில் மகதேசன் பெருவழிக் கல் கிடைத்திருக்கிறது. அது காஞ்சிபுரத்துக்கு உள்ள தூரத்தைக் காதக் கணக்கில் சொல்கிறது. ஆகவே நாம் இப்போது கூடியிருக்கும் இந்த மலை ஏதோ உலகத்தைவிட்டு ஒதுங்கிக் கிடந்த மூலையல்ல என்பதும், இதன் அடிவாரத்தைச் சுற்றி எழுநூறு எண்ணூறு வருஷங்களுக்கு முன்பே பெயரும் தூரமும் குறித்த ராஜபாட்டைகள் இருந்தன என்பதும் விளங்கும்.

அந்தத் தருமபுரிக் கல்லில் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எழுத்தில் 29 என்று எழுதியதோடு அதை வெட்டினவன் நிறுத்திவிடவில்லை. இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் தோண்டி வைத்திருக்கிறான். பெரிய குழிக்குப் பத்து, சிறிய குழிக்கு ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத மாட்டுக்காரனும், கண் தெரியாத கிழவனும்கூட விரலால் தடவிப் பார்த்து இன்னும் எத்தனை காதம் என்று தெரிந்துகொள்ளலாம். தோழர்களே! படிப்பு ஒரு சிலருக்கே உரியது, மற்றவன் காதில் விழுந்தாலும் பாவம் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே நாட்டில், அதே காலத்தில், பேர் தெரியாத ஒரு கல்தச்சன் படிக்காதவனுக்கும் விஷயம் தெரியவேண்டும் என்று உளியைப் பிடித்திருக்கிறான். நம் நாட்டுப் பழமையில் பெருமைப்படத்தக்கது எது என்று யாராவது நம்மைக் கேட்டால், ஆயிரம் பக்கப் புராணத்தைவிட இந்தப் பதினோரு குழிகளைத்தான் நாம் காட்டுவோம்.

சரி, இவற்றைக் காப்பாற்றச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். சட்டம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் 1904-லேயே புராதனச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். சுதந்திரத்திற்குப் பின் 1958-இல் மத்திய சர்க்கார் ஒரு சட்டமும், 1966-இல் தமிழ்நாட்டு சர்க்கார் ஒரு சட்டமும் செய்தார்கள். 2012-இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமும் நிறைவேறியது. அரசியல் சட்டத்தின் 49-ஆவது பிரிவு, தேச முக்கியத்துவமுள்ள சின்னங்களைக் காப்பது சர்க்காரின் கடமை என்கிறது. ஏட்டில் குறைவில்லை.

ஆனால் இந்தச் சட்டங்களின் போக்கை நன்றாய்க் கவனிக்க வேண்டும். 1958-ஆம் வருஷத்துச் சட்டம் கட்டடம், குகை, சிற்பம், கல்வெட்டு, ஒற்றைக்கல் தூண், புதைகுழி முதலியவைகளையும், பழம்பொருள்கள் புதைந்து கிடக்கும் இடங்களையும்தான் சின்னம் என்று எண்ணுகிறது. நூறு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். அதாவது ஒரு இடத்தில் அசையாமல் நிற்கிற பொருளையும் அதைச் சுற்றியுள்ள நிலத்தையும் அது காப்பாற்றும். பத்து ஊர், நூறு ஊர் கடந்து போகும் ஒரு வழியை, ஒரே பொருளாகப் பாவித்துக் காப்பாற்றுவதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் செய்யப்படவில்லை. மைல்கல்லைக் காப்பாற்றலாம், அந்தக் கல் எந்த வழிக்காக நட்டதோ அந்த வழி உழப்பட்டும், வெட்டப்பட்டும், கட்டடம் எழும்பியும் போய்விடலாம். வழி போனபின் கல் மட்டும் நிற்பது, கிணறு தூர்ந்தபின் கவலைக்கால் நிற்பது போலத்தான்.

அந்தக் கல்லையாவது ஒழுங்காகக் காப்பாற்றினார்களா என்றால் அதுவும் இல்லை. வடநாட்டில் மொகலாய அரசர் காலத்து ராஜபாட்டைகளில் கோஸ் மினார் என்னும் உயரமான தூண்களைக் குரோச தூரத்துக்கு ஒன்றாகக் கட்டியிருந்தார்கள். அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். 2024-இல் மத்தியத் தொல்பொருள் இலாகா 18 சின்னங்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்க முடிவு செய்தபோது, அவற்றில் அரியானாவில் முஜேசர் கிராமத்துக் கோஸ் மினாரும் ஒன்றாக இருந்தது. ஆள் உயரத்தைவிடப் பன்மடங்கு உயரமான தூணுக்கே இந்தக் கதியானால், முழங்கால் உயரமுள்ள நம் காதக்கல்லின் கதியைக் கேட்க வேண்டுமா?

இதற்கு மாறாக, புதிய ரோடு போடுவதென்றால் சட்டத்தின் கை எவ்வளவு நீளம் என்பது சேலத்துக்காரர்களாகிய உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2018-இல் சென்னைக்கும் சேலத்துக்கும் எட்டுவழிச் சாலை, 277 கிலோ மீட்டர் என்று கிளம்பினார்கள். 1956-ஆம் வருஷத்துத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ் அறிவிப்பு வந்தது, கல் நட ஆட்கள் வந்தார்கள், போலீசு வந்தது. குடியானவர்கள் ஹைக்கோர்ட்டுக்குப் போனார்கள். 8-4-2019-இல் சென்னை ஹைக்கோர்ட் அந்த அறிவிப்புகளை ரத்து செய்தது. 8-12-2020-இல் சுப்ரீம் கோர்ட், அறிவிப்புகள் செல்லும் என்றும், நில எடுப்பு முடியுமுன்பே குடியானவர் பெயரை மாற்றி எழுதிய வருவாய்க் கணக்குகள் செல்லாது என்றும் தீர்ப்புச் சொல்லிற்று. நாம் இங்கே அந்தச் சாலை வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கைப் பேசவில்லை. வராத வழிக்கு நிலம் எடுக்க இவ்வளவு பலமான சட்டம் இருக்கும்போது, எண்ணூறு வருஷம் மனிதர் நடந்த வழியைக் கணக்கெடுக்கக்கூட ஒரு சட்டம் இல்லையே என்பதைத்தான் கேட்கிறோம்.

பிற தேசங்களில் என்ன செய்கிறார்கள்? தென் அமெரிக்காவில் இன்கா ராஜ்யத்தார் மலைமேல் போட்ட வழிகள் 30,000 கிலோ மீட்டருக்கு உண்டு. பெரு, பொலிவியா, ஈக்குவடார், கொலம்பியா, சில்லி, அர்ஜென்டைனா ஆகிய ஆறு தேசங்களும் ஒன்றாய்ச் சேர்ந்து விண்ணப்பித்து, 2014-இல் அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றின. எல்லைச் சண்டை போட்ட தேசங்களே ஒரு பழைய ரோட்டுக்காக ஒரே மேஜையில் உட்கார்ந்தன. நமக்கோ ஒரே ராஜ்யத்தில் இரண்டு ஜில்லாக்கள் சேர்ந்து ஒரு வழியை அளக்க முடியவில்லை.

அமெரிக்காவில் 1968-இல் தேசிய வழித்தடங்கள் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். நாம் சொல்லுகிற குறையைத் தீர்க்கிற சட்டம் அதுதான். கல்லை அல்ல, வழியையே ஒரு சின்னமாக அது பாவிக்கிறது. அந்தச் சட்டத்தில் 66-ஆம் நம்பர் நெடுஞ்சாலையையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே வெகுநாளாகக் கிளர்ச்சி நடந்தது. சிக்காகோவிலிருந்து மேற்குக் கடற்கரை வரையில் போகும் இந்த ரோடு 1926-இல் ஏற்பட்டது. 1985-இல் பட்டியலிலிருந்து எடுபட்டது. 2018-இல் இதற்கான மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் அந்தப் பார்லிமெண்டின் ஆயுளுக்குள் சட்டமாகவில்லை. அந்த ரோட்டைப் பற்றி அந்நாட்டார் பாட்டும் படமும் எடுத்துப் பெருமை பேசுவார்கள். ஆனால் அதே ரோட்டில் கறுப்பு மனிதன் கார் ஓட்டிப் போனால், பல ஊர்களில் சாப்பாட்டுக் கடையிலும் தங்கும் விடுதியிலும் அவனுக்கு இடமில்லை. சில ஊர்களில் பொழுது சாய்ந்தபின் அவன் இருக்கவே கூடாது. எந்த ஊரில் அவனுக்குச் சோறு கிடைக்கும், எங்கே படுக்கலாம் என்று சொல்வதற்கு விக்டர் கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் 1936 முதல் தனியாக ஒரு வழிகாட்டிப் புத்தகம் வெளியிட வேண்டியிருந்தது.

அதே சட்டத்தின்கீழ் 1996-இல் வேறொரு வழியைச் சின்னமாக்கினார்கள். அலபாமா மாகாணத்தில் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரி வரையில் 54 மைல். அதில் எந்த ராஜாவும் பவனி போகவில்லை. ஓட்டுரிமை கேட்டு 1965 மார்ச்சில் கறுப்பு மக்கள் நடந்தார்கள். முதல் நாள் பாலத்தின்மேலேயே போலீசார் அடித்து நொறுக்கினார்கள். மறுபடியும் கிளம்பி நடந்து சேர்ந்தார்கள். அந்த வருஷம் ஆகஸ்டிலேயே ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. அடித்த இடத்தையும் அடிபட்ட இடத்தையும் மறைக்காமல், இதுதான் எங்கள் தேசத்தின் வழி என்று அவர்கள் சட்டத்தில் எழுதினார்கள். தோழர்களே! ஒரு வழியைக் காப்பதற்குச் சட்டம் செய்வதென்றால் இப்படித்தான் செய்ய வேண்டும். அதில் யார் நடந்தார்கள், யாரை நடக்கவிடாமல் தடுத்தார்கள் என்ற இரண்டையும் சேர்த்துக் காக்க வேண்டும்.

இந்தக் கேள்வியை நம் நாட்டிலே கேட்டால் என்ன பதில் வரும்? காதக்கல்லின் குழி எல்லார் விரலுக்கும் தூரத்தைச் சொல்லிற்று. ஆனால் எல்லார் காலுக்கும் வழி திறந்திருந்ததா? 1924 ஆகஸ்டில் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில், பொது ரோடு, பொதுக் கிணறு, பொது இடம் எதிலும் எந்த வகுப்பாரையும் தடுக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டியிருந்ததென்றால், அதுவரையில் தடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது வெளிப்படை. அதே வருஷம் மார்ச்சு 30-ந் தேதி வைக்கத்தில், கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் மனிதன் நடக்க வேண்டும் என்பதற்காகச் சத்தியாக்கிரகம் ஆரம்பமாயிற்று. கோவிலுக்குள் போக அல்ல. வெறும் தெருவில் நடக்க! பெரியார் அதற்காக இரண்டு முறை ஜெயிலுக்குப் போனார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் தெருவில் நின்றார்கள். 1925 நவம்பரில் அது முடிந்தபோதுகூட மூன்று பக்கத் தெருக்கள்தான் திறந்தன. கிழக்குத் தெரு திறக்கவில்லை. பின்னர் 1938-இல் எம். சி. ராஜா கொண்டுவந்த சிவில் தடை நீக்கச் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. கடைசியாக 1950-இல் அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவில், கிணறு, குளம், ரோடு எதிலும் ஜாதி காரணமாக யாரையும் தடுக்கக்கூடாது என்று எழுதினார்கள். ஒரு தேசத்தின் ஆதாரச் சட்டத்தில் "ரோட்டில் நடக்கலாம்" என்று எழுத வேண்டி வந்ததே, இதைவிட நம் ரோடுகளின் சரித்திரத்துக்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆகவே நாளைக்குப் பெருவழிச் சட்டம் ஒன்று வந்து, வழி நெடுக ராஜாக்களின் சிலையும் வெற்றி விருதுகளும் வைத்து, தடுக்கப்பட்டவனைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் விட்டால், அது சரித்திரப் பாதுகாப்பு ஆகாது. அது பழைய அநியாயத்துக்குச் செலவு செய்து வெள்ளையடிப்பதாகவே ஆகும்.

இனி இந்த மலைக்கு வருவோம். ஏற்காட்டின் தந்தை யார் என்று கேட்டால், 1820 முதல் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அவர் காப்பிச் செடி கொண்டுவந்தார் என்பது உண்மை. அதற்குரிய மதிப்பை நாம் குறைக்கவில்லை. ஆனால் துரை ஏறி வருகிறபோது இங்கே மலையாளி ஜனங்கள் குடியிருந்து, வரகும் சாமையும் விதைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் பிறந்து வளர்ந்தபின் வந்து சேர்ந்தவர் தந்தையாவது எப்படி? மோட்டார் வருமுன் துரைமார் இந்த மலைக்குக் குதிரையிலும், ஆள் தூக்கும் நாற்காலியிலும் ஏறினார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. தூக்கினவர் பெயர் எங்கே? இன்று நீங்கள் பஸ்ஸில் ஏறி வரும் மலைரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதிய பலகை உண்டு. வெடி வைத்தவனுக்கும் கல் சுமந்தவளுக்கும் பலகை உண்டா?

மற்றொரு சங்கதியையும் கேளுங்கள். இந்தச் சேர்வராயன் மலையில் புதிய கற்கால மனிதர் தீட்டி வழவழப்பாக்கிய கற்கோடரிகள் கிடைத்திருக்கின்றன. உலோகம் தெரியாத காலத்தில் காட்டை வெட்டிப் பயிர் செய்யக் கண்டுபிடித்த ஆயுதம் அது. பிற்காலத்து ஜனங்களோ அது இன்னதென்று தெரியாமல் எடுத்துச் சிறு கோயில்களில் வைத்துக் கும்பிட்டார்கள். மனிதன் கைவேலை, மனிதனுக்கே சாமியாகிவிட்டது! மைல்கல்லுக்கும் இதே ஆபத்து உண்டு. கல்லில் குழி இருக்கிறதென்றால் ஒருவன் எண்ணெய் ஊற்றுவான். மறுவருஷம் மஞ்சள் துணி கட்டுவான். மூன்றாம் வருஷம் உண்டியல் வந்துவிடும். கும்பிட்டதால் கல் தப்பிற்றே என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். கல் தப்பியது வாஸ்தவந்தான். கல் சொன்ன சேதி செத்துப்போயிற்றே! வேறு சிலர் புதையல் இருக்குமென்று கல்லையே பெயர்த்துவிடுவார்கள். எண்ணெய் ஊற்றுகிறவனுக்கும் கடப்பாரை போடுகிறவனுக்கும் நோய் ஒன்றுதான். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று இருவரும் கேட்கவில்லை.

அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவில் 1976-இல் பிரஜைகளின் கடமைகளைச் சேர்த்தார்கள். அதில் ஒன்று, நம் பண்பாட்டுச் சொத்தைப் போற்றிக் காக்க வேண்டும் என்பது. அதற்கு இரண்டு வரி தள்ளி, விஞ்ஞான மனப்பான்மையையும் விசாரித்தறியும் குணத்தையும் வளர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. முதலாவதை எல்லாரும் உரக்கப் படிக்கிறார்கள். இரண்டாவது வந்தவுடன் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். நாம் இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுகிறோம்.

நிற்க, குடியானவர்களுக்கு ஒரு நியாயமான பயம் உண்டு. "பழைய வழி நம் புஞ்சை வழியாகப் போனது என்று எவனாவது சொன்னால் நம் நிலம் போய்விடுமே?" என்பார்கள். இப்பயம் வீணல்ல. 1958-ஆம் வருஷச் சட்டத்தில் 2010-இல் செய்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். ஒரு கோட்டைக்கு இந்த விதி பொருந்தலாம். நூறு மைல் வழிக்கு இரு பக்கமும் இதை அப்படியே போட்டால் எத்தனை ஏழைகள் ஓட்டைக் கூரையைப் பிரித்துக் கட்டவும் டெல்லிக்கு மனுப் போட வேண்டியிருக்கும்? பழமையைக் காப்பதற்கு இன்றுள்ளவனைத் துரத்துவது பகுத்தறிவாகாது.

ஆகையால் நாம் கேட்கிற சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறோம்.

முதலாவது, வழி முழுவதையும் ஒரே சின்னமாக எண்ணி அளந்து படம் போட வேண்டும். காதக்கல், சுமைதாங்கி, சத்திரம், வழிக்கிணறு, சாலை மரம் எல்லாவற்றையும் பஞ்சாயத்து வாரியாகப் பதிவேட்டில் எழுதி, அதை யார் கேட்டாலும் காட்ட வேண்டும்.

இரண்டாவது, அந்தத் தடத்தில் இன்று குடியிருப்பவரையும் உழுபவரையும் கிளப்பக் கூடாது. கல் இருக்கும் இடத்தைக் காத்தால் போதும். தடம் போகிற வயலில் படம் இருந்தால் போதும். நிலம் வேண்டியே தீருமானால் கிராமசபையின் சம்மதமும் முழு நஷ்டஈடும் முன்னே வரவேண்டும்.

மூன்றாவது, கல்லின் பக்கத்தில் அதன் வாசகத்தையும் காலத்தையும் எளிய தமிழில் எழுதி வைக்க வேண்டும். கட்டினவர் உழைப்பு, வாங்கின சுங்கம், தடுக்கப்பட்ட ஜாதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆதாரமில்லாத ஸ்தல புராணத்தை அதில் நுழைக்கக் கூடாது.

நான்காவது, பாதுகாத்த வழியில் எந்த மதத்தின் பேராலும் புதிதாக மேடை, சூலம், உண்டியல் முதலியவை வைக்கக் கூடாது.

ஐந்தாவது, அந்த வழியில் நடக்கக் காசு கேட்கக் கூடாது. கண் தெரியாதவருக்குக் கல்தச்சன் குழி தோண்டினானே, அதுபோல் எல்லாருக்கும் எட்டும்படி அது இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று இருக்கிறது. பழைய வழிகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல்லை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தி, தலைச்சுமையை இறக்கி வைக்கச் செய்தது. கர்ப்பத்தோடு ஒரு பெண் இறந்துபோனால், அவள் இறக்காமல் போன சுமையை நினைத்து, வீட்டார் அதை நட்டுவைப்பது நம் நாட்டு வழக்கம். அந்த எண்ணத்தில் உள்ள நம்பிக்கையை நாம் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், துக்கத்தில் ஊராருக்குப் பிரயோஜனமான ஒரு காரியம் செய்தார்களே என்று மெச்சுகிறோம். ஆனால் அந்தக் கல் ஒவ்வொன்றும் மருத்துவச்சியும் வைத்தியமும் எட்டாமல் செத்த ஒரு பெண்ணின் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. இன்றும் நம் மலையூர்கள் சிலவற்றிலிருந்து, ரோடு இல்லாததால் பிரசவ வேதனையில் உள்ள பெண்ணைத் துணித் தூளியில் கட்டித் தூக்கி இறக்கினார்கள் என்று பத்திரிகையில் சேதி வருகிறதே! 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த ஏற்காட்டு மலைரோட்டிலேயே மண் சரிந்து போக்குவரத்து நின்றது. ரோடு உள்ள ஊருக்கே இப்படியென்றால், ரோடே இல்லாத ஊருக்கு எப்படி?

அதற்குச் சட்டம் இல்லாமல் போகவில்லை. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, காட்டு நிலத்தில் வாழும் ஜனங்களுக்கு ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி முதலிய வசதிகளுக்காக, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல் ஒதுக்கிக் கொடுக்கலாம் என்கிறது. அதற்குக் கிராமசபை சிபார்சு செய்ய வேண்டும். ஆகவே மலையூரில் உள்ள தோழர்கள் கிராமசபையில் கூடி எழுத்தில் தீர்மானம் போடுங்கள். எழுதாத குறை கச்சேரியில் குறையாகாது. செத்தபின் சுமைதாங்கி நடுவதைவிட, சாகாமல் இருக்க வழி போடுவது மேலல்லவா? பழைய பெருவழிக்குச் சட்டம் கேட்கிற நாம், இருக்கிற மனிதருக்கு வழி கேட்காமல் போனால், நம் பேச்சும் பழம்பெருமைக்காரர் பேச்சும் ஒன்றாகிவிடும்.

கடைசியாக, சட்டம் வருகிற வரையில் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் வரப்பிலோ ஏரிக்கரையிலோ எழுத்துள்ள கல்லையோ, வரிசையாய்க் குழி தோண்டிய கல்லையோ கண்டால், எண்ணெய் ஊற்றாதீர்கள், பெயர்க்காதீர்கள், துணி துவைக்கப் போடாதீர்கள். கிராம அதிகாரிக்கும் தாசில்தாருக்கும் தொல்லியல் இலாகாவுக்கும் எழுதுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அழைத்துப் போய்க் குழியை எண்ணச் சொல்லுங்கள். கல்லைப் பார்த்துக் கும்பிடாமல், எண்ணிப் பார்க்கிற பிள்ளை ஒரு ஊருக்கு நான்கு பேர் இருந்தால் போதும். அதற்குப்பின் அந்தக் கல்லை எவனும் உண்டியலாக்கவும் முடியாது, ஜல்லியாக்கவும் முடியாது.

நாம் சொன்னதால் இதை ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.